எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காத ஊர்

எமாலியா ஆன்ட்டியை நான் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய குரலைத்தான் கேட்டேன்.

"அந்த மிருகத்த வாசல்லேருந்து தள்ளிக் கட்டு. அப்புறமா உள்ள வா."

பூவானு ஊருக்கு நான் வேலைக்கு வந்த முதல் வாரம் அது. பண்ணையின் வேலிகளும் தண்ணீர்க் குழாய்களும் எங்கெங்கே ஓடுகின்றன என்று வரைபடம் போட ஆள் தேவைப்பட்டது; என்னை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்து பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். தீவின் தெற்கே காவு பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் கிராமத்துக்கே நான்தான் முதல் என்றும் சொல்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஹிலோ கல்லூரியிலிருந்து நான் கொண்டு வந்த சான்றிதழுக்கு அப்பா தன் கையால் ஓஹியா மரத்தில் சட்டம் அடித்து, சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டேதான் இன்றும் சாப்பிடுகிறார்.

பண்ணையில் எனக்குக் கொடுத்தது ஒரு கிழட்டுப் பெண்குதிரை. மழைக்கோட்டு வாங்கத் தீவனக் கடைக்குப் போனவன் அதை வாசல் கம்பத்தில் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் அந்தக் குரல். தள்ளிக் கட்டிவிட்டு உள்ளே போனால், ஓட்ஸ் மூட்டை அடுக்குக்குப் பின்னாலிருந்து ஓர் அகலமான முகம் எட்டிப் பார்த்தது. நாற்பதைத் தாண்டிய பெண்மணி. கையில் தீவனம் அள்ளும் தகரக் கரண்டி. அதைக் கேடயம் மாதிரி பிடித்திருந்தார்.

"கடிக்காது ஆன்ட்டி. வயசான குதிரை."

"கடிக்க மாட்டேன்னு உன்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துச்சா?"

கல்லாப் பக்கம் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். தொப்பியைச் சுற்றிப் புதுப் பூச்சரம், பூட்சில் காய்ந்த சாணம். அவர் பெயர் நஹாலே; மாடு வளைப்பவர். "இந்த ஊர்ல நாங்க எல்லாரும் சேணத்துமேல பொறந்தவங்க, புரொபசர். ஆன்ட்டி மட்டும் படகுல பொறந்தவங்க" என்றார். நான் இன்னும் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் எனக்குப் புரொபசர் என்று பெயர் விழுந்துவிட்டது. அன்றைக்கே ஆன்ட்டி தன் வீட்டுப் பின்னறையை எனக்கு வாடகைக்குப் பேசினார். ஒரே நிபந்தனை, குதிரையைப் பண்ணைக் கொட்டகையில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும்.

இவ்வளவுக்கும் அவருடைய கணவர் பலகிக்கோ அங்கிள் அந்தப் பண்ணையின் பெயர்பெற்ற குதிரைக்காரர்களில் ஒருவர். ஓடும் காளையின் பின்னங்காலில் சுருக்குக் கயிற்றைப் போட்டு நிறுத்துவார்; போடும்போது கயிற்றைப் பார்ப்பதுகூட இல்லை. அவருடைய குதிரை வீட்டுக்குப் பின்னாலேயே, வேலிக்கு அந்தப் பக்கம் மேயும். சமையலறை ஜன்னலில் அந்தத் திசைக்கு மட்டும் ஆன்ட்டி தடித்த திரை போட்டிருந்தார். கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்து லாஸ் வேகாஸில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்ட பிறகும், அவர் பின்வேலிக் கேட்டைத் தாண்டியதில்லை.

குதிரைப் பயம் ஊருக்கே தெரிந்த பயம். அதை வைத்துக் கடையில் நாள் முழுவதும் கிண்டல் ஓடும். அவரும் திருப்பிக் கொடுப்பார். ஆனால் அவருடைய பெரிய பயம் வேறு. அது எனக்குத் தெரிய மாதங்கள் ஆயின.

பூவானுவில் மூடுபனி மேலிருந்து இறங்காது. பக்கவாட்டில் வரும். தெருவின் ஒரு முனையில் வெயில் அடிக்கும்போதே மறுமுனையில் பனி நுழைந்து தபால் நிலையத்தை விழுங்கிவிடும். எங்களுக்கு அது பழக்கம். வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். ஆன்ட்டி பட்டப்பகலில் கடை விளக்குகளை எல்லாம் ஏற்றுவார். வாசலுக்கு வந்து நின்று, தெருவில் யார் யார் தெரிகிறார்கள் என்று கண்ணால் தேடுவார். ஒருநாள் ஆணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கடல்ல பனி வந்தா அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கரை இல்ல, பாறை இல்ல, மனுஷன் இல்ல. எங்க அப்பா அப்படித்தான் போனாரு."

ஆன்ட்டி பிறந்தது தெற்குக் கோனா கரையில் ஒரு மீன்பிடி ஊரில். ஒரு காலையில் அவருடைய அப்பா வலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஹோலோஹோலோ என்றார், அதாவது சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்று. எங்கள் தீவில் மீனுக்குப் போகிறவரும் சரி, பன்றி வேட்டைக்குப் போகிறவரும் சரி, அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். எங்கே என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் மீன் காதில் விழுந்துவிடும், பன்றி காதில் விழுந்துவிடும், போன காரியம் கெட்டுவிடும். ஆன்ட்டியின் அம்மாவும் கேட்கவில்லை. சோற்றுருண்டைகளை இலையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டார். அன்று மாலை எந்தக் குடாவில் தேடுவது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. படகு மட்டும் பிறகு எங்கோ ஒதுங்கியது.

"எங்க ஊர்ல யாராவது வாய் தவறிக் கேட்டுட்டா, அந்த ஆளு அன்னிக்குப் போகவே மாட்டான். வலைய சுருட்டி வச்சுட்டுப் படுத்துடுவான். எங்கம்மா சாகிறவரைக்கும் இதையே சொல்லிட்டிருந்தா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வீட்டுல இருந்திருப்பாருன்னு."

"நீங்க அங்கிள்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

"பைத்தியமா உனக்கு?" என்றார். ஆணி டப்பாவை மூடினார். அவர் விரல்கள் மூடியின் மேலேயே சிறிது நேரம் இருந்தன.

பலகிக்கோ அங்கிள் அவரை முதன்முதலில் பார்த்தது உறவினர் கல்யாணம் ஒன்றில், கரையில்தான். ஆன்ட்டி போட்ட கருவாடு பிடித்துப்போய், வாரா வாரம் அதை வாங்கவென்று மலையிலிருந்து இறங்கி வந்தாராம். "பிக்கப் வண்டியில வந்தான், ஏமாந்துட்டேன். குதிரையில வந்திருந்தா கதவையே தொறந்திருக்க மாட்டேன்" என்பார் ஆன்ட்டி. அங்கிள் அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குதிரையில் ஏறி, இரண்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு, பின்கேட் வழியாகக் காட்டுப்பன்றிக்குப் போவார். மாலையில் பன்றியோடோ வெறுங்கையோடோ வருவார். வருகிறவரை ஆன்ட்டி எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பார்: அடுப்பு, தரை, கதவுக் குமிழ். ஞாயிறுகளில் அந்த வீடு சோப்பு வாசனையாக இருக்கும்.

பின்கேட்டுக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் காய்ந்த பக்கம். முள் நிறைந்த கியாவே மரங்களும் சப்பாத்திக் கள்ளியுமாகக் கடல்வரை இறங்கும் திறந்த மேய்ச்சல். வலது பக்கம் போனால் ஈரப் பக்கம். ஆளுயரத்துக்கு மேல் பெரணிக் காடு. பழைய எரிமலைக் குழம்பு ஓடிய குடைவுகள் அங்கே தரைக்கடியில் உண்டு. சில இடங்களில் கூரை இடிந்து வாய் திறந்திருக்கும். பெரணி அதை மூடிக்கொண்டிருக்கும். என்னுடைய வரைபடத்தில் அந்தப் பகுதி பாதிக்கு மேல் வெள்ளையாகவே கிடந்தது. மேலாளர் துவார்த்தே அங்கிள் என்னை அங்கே தனியாகப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒருமுறை மற்றவர்களோடு போனபோது, முன்னால் குத்திய என் கைத்தடி பெரணிக்குள் முழுசாக இறங்கி அடியில் எதையும் தொடவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று.

அந்த ஞாயிறு மழைக்காலத்தின் நடுவில் வந்தது. வழக்கமாக வடகிழக்கிலிருந்து வீசும் காற்று நின்று, தெற்கிலிருந்து கோனாக் காற்று கிளம்பியிருந்தது. கதவுகள் தவறான பக்கமாக அடித்துக்கொண்டன. அன்று காலை சமையலறையில் நடந்ததை ஆன்ட்டியே பின்னால் சொன்னார்.

அங்கிள் கத்தியை இடுப்பில் கட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார். சோற்றுருண்டையும் உப்புக்கண்டமும். ஆன்ட்டி கொடுக்கவில்லை. பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே நாய்கள் அவசரப்பட்டன.

"என்ன?" என்றார் அங்கிள்.

"எங்க போற?"

அங்கிள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லையாம். கன்னத்தில் அறை வாங்கிய பிள்ளை பார்ப்பது மாதிரி இருந்ததாம். தொப்பியைக் கழற்றப் போகிறார், நாற்காலியில் உட்காரப் போகிறார், பூட்ஸை அவிழ்க்கப் போகிறார் என்று ஆன்ட்டி காத்துக்கொண்டு நின்றார். அதற்காகத்தான் கேட்டதே.

அங்கிள் பொட்டலத்தை அவர் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். "கியாவேக் காட்டுப் பக்கம். காஞ்ச பக்கம். போதுமா?" என்றார். போய்விட்டார். வெளியே பனி முட்டிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி கேட் சாத்தும் சத்தத்தை மட்டும் கேட்டார்.

போவதைத் தடுக்க முடியவில்லை. ஆனாலும் இடமாவது தெரியுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

பிற்பகலில் மழை பிடித்தது. என் அறைக் கதவை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். திறந்தால் ஆன்ட்டி. நனைந்திருந்தார். காலில் செருப்பில்லை.

"குதிரை மட்டும் வந்திருக்கு" என்றார்.

பின்கேட்டில் அது நின்றது. சேணம் சரிந்து வயிற்றின் பக்கத்தில் தொங்கியது. கடிவாள வார் ஒன்று அறுந்திருந்தது. வாயில் நுரை. காதுகள் இரண்டும் பின்னால் மடிந்து, கண்ணின் வெள்ளை தெரிய, வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாரைப் பிடித்தேன். அது தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது.

"ரத்தம் இருக்கா பாரு" என்றார் ஆன்ட்டி, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று.

"இல்ல ஆன்ட்டி. தெரியல. மழையில கழுவிட்டுப் போயிருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆன்ட்டி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். குதிரையின் முகத்தைப் பார்க்காமல், சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் ஆள் மாதிரி பக்கவாட்டில் வந்து, தொங்கிய சேணத்தின் இருக்கையில் கையை வைத்தார்.

"சூடே இல்ல" என்றார். "எறங்கி ரொம்ப நேரமாச்சு."

பூவானுவில் குதிரை தனியாக வந்தது என்றால் யாரும் யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. அரை மணிக்குள் பின்வேலி ஓரம் வண்டிகளும் குதிரைகளும் நிறைந்தன. துவார்த்தே அங்கிள் மழையில் தொப்பி விளிம்பிலிருந்து நீர் சொட்ட வந்து நின்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆன்ட்டியிடம் கேட்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எமாலியா, எந்தப் பக்கம்னு ஏதாவது தெரியுமா?"

"காஞ்ச பக்கம்."

நஹாலே நிமிர்ந்தார். பலகிக்கோ அங்கிளின் வேட்டைக் கூட்டாளி அவர்தான். அவருக்கே இடம் தெரியாது. "உனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

ஆன்ட்டி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "பார்த்தேன். கேட்டுக்கு வெளிய இடது பக்கம் திரும்பினாரு" என்றார்.

அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. ஊர் முழுக்க ஒரே மழை என்பதால் குதிரையின் ஈரமும் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் இடது பக்கம் இறங்கினோம்.

கியாவே முள் பூட்ஸின் அடித்தோலைத் துளைத்துக்கொண்டு வரும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத பனியில், குரல் எட்டும் தூரம் விட்டுவிட்டு வரிசையாக நடந்தோம். அவர் பெயரைக் கூப்பிடுவோம். காற்று அதைப் பிடுங்கிக் கடல் பக்கம் எறியும். கூப்பிட்டு முடித்து எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்று கேட்போம். எனக்கு அந்த நிற்கும் நேரம்தான் பயம். ஒவ்வொரு முறையும் பதில் வராதபோது, அடுத்த முறை கூப்பிடும் குரல்கள் கொஞ்சம் தணிந்திருந்தன. கைபேசி அந்தச் சரிவில் வெறும் டார்ச் விளக்கு. வெளிச்சம் மங்கியதும் துவார்த்தே அங்கிள் நிறுத்தச் சொன்னார். இருட்டில் தேடினால் குதிரைகளையும் ஆட்களையும் சேர்த்துத் தொலைப்போம் என்றார். திரும்பி வந்தபோது பின்கேட்டில் நின்ற ஆன்ட்டியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அன்றிரவு மழை நடுராத்திரிக்கு மேல்தான் விட்டது, பிறகு குளிர் இறங்கியது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் காலையில் மெல்லிய பனிக்கட்டி இருந்தது.

விடிந்ததும் மீண்டும் கூடினார்கள். என் வரைபடத்தை வண்டி மூடியின் மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தோம். துவார்த்தே அங்கிளின் விரல் காய்ந்த பக்கத்திலேயே இன்னும் கீழே, கடற்கரைச் சாலை வரை இறங்கியது. ஆன்ட்டி காப்பி கொண்டு வந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கடைசிக் கோப்பையைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"துவார்த்தே. நான் பார்க்கல."

"எத?"

"அவரு திரும்பினத. பனியில அந்தக் கேட்டுக் கதவே கண்ணுக்குத் தெரியல." தட்டை மார்போடு சேர்த்துக்கொண்டார். "நான் கேட்டேன்."

நஹாலே கோப்பையை வேலிக் கம்பத்தின் மேல் வைத்தார்.

"எங்க போறன்னு கேட்டேன். வாயத் தொறந்து கேட்டேன். கேட்டா நின்னுடுவாருன்னு நெனச்சேன். எங்க கரையில நின்னுடுவாங்க. அவரு நிக்கல. என்னாலதான் இப்படி ஆச்சு. என்னைய என்ன வேணா திட்டுங்க. ஆனா தேடுறத மட்டும் விட்டுடாதீங்க."

அவர் எதிர்பார்த்து நின்றது வசவை. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த ஆட்களின் முகத்தில் ஏதோ மாறியது. ஆனால் அது கோபம் இல்லை.

"கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்றார் துவார்த்தே அங்கிள்.

"கியாவேக் காடுன்னாரு. காஞ்ச பக்கம்னு."

துவார்த்தே அங்கிள் நஹாலேயைப் பார்த்தார். நஹாலே ஏற்கெனவே தன் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அங்க போயிருக்கவே மாட்டான்" என்றார் நஹாலே.

ஆன்ட்டிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். எங்கள் காவு பக்கத்திலும், கேட்டுவிட்டால் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பூவானுவில் அப்படி இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இங்கே யாராவது கேட்டுவிட்டால், ஓர் இடத்தின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போவார்கள். கெட்ட நேரம், அவர்கள் சொன்ன இடத்தில் போய்க் காத்துக்கொண்டிருக்கட்டும் என்று. ஊரில் ஆண்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் கேட்பதே இல்லாத ஊரில், கேட்டால் என்ன செய்வார்கள் என்று கரையிலிருந்து வந்த பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"சொன்ன எடத்துக்கு எவன் போவான் ஆன்ட்டி? நானா இருந்தாலும் போக மாட்டேன்." நஹாலே குதிரை மேல் ஏறினார். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல. ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பெரணிக்குள்ள..."

"வாய மூடிட்டுப் போ" என்றார் துவார்த்தே அங்கிள். வரைபடத்தில் என்னுடைய வெள்ளைப் பகுதியைப் பார்த்தார். எங்கே விரல் வைப்பது என்று தெரியாமல் மடித்துக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டார். "புரொபசர், நீ ஆன்ட்டியோட இரு. ரேடியோ ஒண்ணு வச்சுக்க."

அவர்கள் வலது பக்கம் பனிக்குள் போனார்கள். குளம்புச் சத்தம் முதலில் மண்ணில் கேட்டது, பிறகு சேற்றில், பிறகு இல்லை.

ஆன்ட்டி கேட்டுக்கு உள்ளே, ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார். ரேடியோவை அவர் மடியில் வைத்தேன். அது கரகரத்தது. கொஞ்ச நேரத்தில், "அணைச்சுடு" என்றார். அணைத்தேன். "போடு" என்றார். போட்டேன். அதில் ஆட்களின் மூச்சும் சபிப்பும் பெரணி கிழிபடும் சத்தமும் வந்தன. "இங்க கால் வைக்காத, பள்ளம்." "குதிரைய இங்கயே விடு." "யாராவது கயிறு புடிங்க." ஒவ்வொரு சொல்லுக்கும் ஆன்ட்டியின் தோள் ஏறி இறங்கியது.

"ராத்திரி ஐஸ் கட்டியிருந்துச்சு இல்ல?" என்றார்.

"லேசாத்தான் ஆன்ட்டி."

"எங்கப்பாவத் தேடினப்ப எல்லாரும் லேசான அலைன்னுதான் சொன்னாங்க."

அந்த நேரத்தில் நான் பயந்தது பலகிக்கோ அங்கிளுக்காக அல்ல, ரேடியோவுக்காக. அது பேசினால் என்ன சொல்லுமோ, அதைக் கேட்கும்போது நான் இவருக்குப் பக்கத்தில் இருப்பேனே என்று.

பனி கொஞ்சம் வெளுத்தபோது நஹாலேயின் குரல் வந்தது. "நாய். நாய்ச் சத்தம் கேக்குது." பிறகு ரேடியோவில் ஒன்றுமே இல்லை. நான் அதைக் குலுக்கிப் பார்த்தேன். ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்ப வந்தது துவார்த்தே அங்கிளின் சின்னக் குரல்.

"எமாலியா. குழிக்குள்ள இருக்கான். மூச்சு இருக்கு. கால்மேல பாறை. மேல தூக்குறோம்."

ஆன்ட்டி அழவில்லை. வாளியிலிருந்து எழுந்து, சமையலறைக்குப் போய், எல்லாப் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தரையில் இழுபட்ட போர்வையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காளையை இழுக்கும் அதே சுருக்குக் கயிறுகளால்தான் அவரை மேலே இழுத்தார்கள். கயிற்றின் ஒரு முனை அங்கிளின் அக்குளில், மறுமுனை குதிரைச் சேணத்தின் கொம்பில். முந்தைய நாள் ஒரு பன்றியைத் துரத்திக் குதிரையிலிருந்து இறங்கி ஓடியவரின் காலடியில் குடைவின் கூரை இடிந்துவிட்டது. ஒரு நாய் கூடவே விழுந்து, இரவெல்லாம் அவர் மார்பின் மேல் படுத்துக் கிடந்தது. மற்றொன்று குழியின் விளிம்பை விட்டு அசையவில்லை.

கேட்டில் பிக்கப் வண்டிக்கு மாற்றும்போது அவருடைய உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே இருந்ததை நான் ஒரு முறைதான் பார்த்தேன். ஆன்ட்டி போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அங்கிள் கண்ணைத் திறந்தார்.

"எதுக்குக் கேட்ட?"

"நீ போகாம இருக்கத்தான்."

"அப்ப போகாதன்னு சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

அங்கிள் கண்ணை மூடி யோசித்தார். பற்கள் அடித்துக்கொண்டன. "போயிருப்பேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்த வாக்கியத்தை அங்கிள் முடிக்க விடவில்லை. ஆன்ட்டி அதைக் கேட்டுவிட்டார் என்பது அங்கிளுக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

ஊரில் பேச்சு இருந்தது. கேட்டதால்தான் குழியில் விழுந்தான் என்று பாதிப் பேர். கேட்டதைச் சொன்னதால்தான் மேலே வந்தான் என்று மீதிப் பேர். தீவனக் கடையில் அவர் முன்னாலேயே இரண்டு கட்சியும் காப்பி குடித்துக்கொண்டு வாதாடும். ஆன்ட்டி ஓட்ஸ் நிறுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நஹாலே அவரையே கேட்டுவிட்டார், "நீ எந்தக் கட்சி ஆன்ட்டி?"

"அவரக் குழியில போட்டதும் நான், எடுத்ததும் நான்" என்றார். "மூட்டைய நீயே தூக்கிக்க. உன் குதிரை வாசலுக்கு ரொம்பக் கிட்ட நிக்குது."

நஹாலே சிரிக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் அந்தப் பின்னறையில் இருந்த காலம்வரை, ஆன்ட்டி பின்கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார். இரவில் எழுந்து, அங்கிள் மூச்சு விடுகிறாரா என்று கவனிப்பாராம். "நீ பாக்குறது எனக்குத் தெரியுது, தூங்க முடியல" என்று அங்கிள் காலையில் புகார் சொல்வார். மகள் லாஸ் வேகாஸுக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். விமானம் கடலுக்கு மேல் எவ்வளவு நேரம் போகும் என்று ஆன்ட்டி கேட்டார், மகள் சொன்னாள், பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது எமாலியா ஆன்ட்டி அதே தீவனக் கடையில் இருக்கிறார். பலகிக்கோ அங்கிள் செயற்கைக் கால் போட்டுக்கொண்டு பண்ணையின் எடைமேடையில் வேலை பார்க்கிறார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நஹாலேயின் பிக்கப்பில் ஏறிக் காட்டோரம் வரை போகிறார், நாய்களோடு. எந்தக் காடு என்று அவர் சொல்வதில்லை, ஆன்ட்டி கேட்பதும் இல்லை. அவர் திரும்பி வரும்வரை ஆன்ட்டி பின்கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.